எல்லாம் ஆப்ல இருக்குன்னு சொல்றவங்களுக்கு

த்ரெட் கொஞ்சம் நீளம். டீ போட்டு வெச்சுக்கிட்டுப் படிங்க. கேசட், சிடி பத்திதான் எழுதப் போறேன். ஆனா ஓபியில இருந்து ஆரம்பிக்கணும்.

சில வாரம் முன்னாடி ஒரு அம்மா வந்தாங்க. அறுபத்தஞ்சு வயசு இருக்கும். (ஆள் அடையாளம் தெரியக் கூடாதுன்னு சில விவரத்தை மாத்தியிருக்கேன்.) தேவாரத்துல இருந்து விடியறதுக்கு முன்னாடி ஜீப் ஏறி, மலைமேல ஏலத்தோட்டத்துல வேலை பாத்துட்டு, சாயங்காலம் இறங்குறவங்க. முப்பது வருஷமா அதான் பொழப்பு. ரெண்டு வாரமா இருமல். எக்ஸ்ரே எடுத்தோம். வலது நுரையீரல்ல மேல்பக்கம் ஒரு வெள்ளைப் புள்ளி, பட்டாணி அளவு.

இந்த வயசுல, அந்த இடத்துல ஒரு புள்ளி தெரிஞ்சா டாக்டர் மனசு நேரா கெட்டதுக்குத்தான் போகும். சிடி ஸ்கேன், தேனிக்கு அலைச்சல், அவங்களுக்கு நாலஞ்சு நாள் கூலி போச்சு. எப்படிச் சொல்றதுன்னு நான் வார்த்தை தேடிக்கிட்டு இருந்தப்ப, அவங்க மஞ்சப்பையில கைய விட்டு, நியூஸ் பேப்பர்ல சுத்தின ஒரு பழைய எக்ஸ்ரேவை எடுத்து மேஜைமேல வெச்சாங்க. "இது அப்ப எடுத்தது தம்பி, வேணுமா?"

2011 தேதி. ஜன்னல் வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சேன். அதே புள்ளி. அதே இடம், அதே அளவு, அதே விளிம்பு. பதினாலு வருஷமா ஒரு மில்லிமீட்டர்கூட வளராத புள்ளி என்னைக்கோ ஆறிப்போன தழும்பு. சளி டெஸ்ட் மட்டும் இருமலுக்காக எடுத்தோம், நெகட்டிவ். அவங்க மறுநாளே மலைக்குப் போயிட்டாங்க.

அதே நாள் மதியம் ஒரு பையன், இருபத்தெட்டு வயசு. ரெண்டு வருஷம் முன்னாடி வெளியூர்ல ஒரு இடத்துல ஸ்கேன் எடுத்திருக்கான். படத்தைக் கையில கொடுக்கல, வாட்ஸ்அப்ல லிங்க் அனுப்பியிருக்காங்க. தொட்டா, காலாவதி ஆயிடுச்சுன்னு வருது. ஃபோனும் மாத்திட்டான். திரும்ப ஸ்கேன், திரும்பக் காசு.

ரெண்டு பேர்ல யாரு மாடர்ன்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியல. யாரோட பை வேலை செஞ்சுதுன்னு தெரியும்.

உடனே "அப்போ பொருளா இருந்தா எல்லாம் நிலைக்கும்"னு முடிவுக்கு வந்துடாதீங்க. ஈசிஜி பேப்பர் இருக்கே, அது சூட்டுல கறுக்குற பேப்பர். வெயில்லயோ பிளாஸ்டிக் கவர்லயோ வருஷக்கணக்கா வெச்சா எழுத்தே காணாமப் போகும். "பழைய ஈசிஜி இருக்கு சார்"னு பெருமையா நீட்டுவாங்க, வெள்ளைத் தாள்தான் இருக்கும். இப்பவே போய் உங்க வீட்டு ஈசிஜியை ஜெராக்ஸ் எடுத்து வைங்க. இந்த த்ரெட்ல இது ஒண்ணுதான் மருத்துவ ஆலோசனை.

எக்ஸ்ரேவையும் பாட்டையும் கோக்க நான் மெனக்கெடவே வேணாம், ரஷ்யாக்காரங்க ஏற்கெனவே பண்ணிட்டாங்க. ரெண்டாம் உலகப் போர் முடிஞ்ச பிறகு சோவியத் யூனியன்ல ஜாஸ், ராக் அண்ட் ரோல் மாதிரி நிறைய இசைக்குத் தடை. இசைத்தட்டு செய்யவும் பொருள் கிடைக்காது. அப்ப லெனின்கிராட் பக்கம் சில பேர் ஆஸ்பத்திரிகள்ல கழிச்சுப்போட்ட எக்ஸ்ரே ஃபிலிமை வாங்கி, வட்டமா வெட்டி, நடுவுல சிகரெட்டால ஓட்டை போட்டு, அதுமேல பாட்டைச் செதுக்கி வித்தாங்க. யாரோ ஒருத்தரோட விலா எலும்புமேல ஒரு பாட்டு ஓடும். எலும்பு இசைன்னே பேரு. தரம் மட்டம்தான், சில தடவை ஓட்டினாலே தேஞ்சிடும். ஆனாலும் ஜெயிலுக்குப் போற அபாயத்தோட அதை வாங்கி வெச்சாங்க.

நம்ம ஊர்ல பழைய எக்ஸ்ரேவை வெள்ளிக்காக வாங்கிட்டுப் போறாங்க. அது தனிக்கதை.

சரி, கேசட்டுக்கு வர்றேன். என் குவார்ட்டர்ஸ்ல ஒரு அலமாரி நிறைய கேசட் இருக்கு. முந்நூத்துச் சொச்சம். கொஞ்சம் சிடி, டிவிடி. ஓடுற டெக் ஒண்ணு, உதிரிபாகத்துக்குன்னு ஓடாத டெக் ரெண்டு. கூட வேலை பாக்குறவங்க கிண்டல் பண்ணுவாங்க: "சார், மாசம் ஒரு பிரியாணி காசு கட்டினா எல்லாமே ஃபோன்ல வருது. எதுக்கு இந்தக் குப்பை?"

அந்தப் பிரியாணி காசு நானும் கட்டுறேன். நைட் டூட்டியில ரெண்டு மணிக்கு எதாவது கேக்கணும்னா அதுதான் கை கொடுக்குது. ஆப் வேணாம்னு நான் சொல்லவே இல்லை. அது வாடகை வீடு. வாடகை வீட்ல நிம்மதியா இருக்கலாம், அதுக்குன்னு பட்டா நம்ம பேர்ல இருக்குன்னு நினைச்சிடக் கூடாது.

2009 ஜூலையில அமேசான் தன்னோட கிண்டில் கருவிகள்ல இருந்து ஒரு நாவலை அழிச்சுது. காசு கொடுத்து வாங்கினவங்க கருவியில இருந்தே. வித்தவருக்கு உரிமை இல்லைன்னு தெரிஞ்சதால, காசைத் திருப்பிக் கொடுத்துட்டு அழிச்சாங்க. அந்த நாவல் ஜார்ஜ் ஆர்வெல்லோட '1984'. அரசாங்கம் பழைய எழுத்தையெல்லாம் அழிச்சு மாத்துறதைப் பத்தின கதை. நான் இட்டுக்கட்டியிருந்தா நம்ப மாட்டீங்க.

கலிஃபோர்னியாவுல 2025 ஜனவரியில இருந்து ஒரு சட்டம் இருக்கு. டிஜிட்டல் படம், பாட்டு, கேம் விக்கிற கடை 'வாங்குங்க'ன்னு பட்டன் வெச்சா, உங்களுக்குக் கிடைக்கிறது ஒரு அனுமதி மட்டும்தான்னு தெளிவா சொல்லணும். சட்டம் போட்டுச் சொல்ல வேண்டிய அளவுக்கு ஜனங்க ஏமாந்திருக்காங்கன்னு அர்த்தம்.

அவ்வளவு தூரம் எதுக்கு? 2025 செப்டம்பர்ல 'குட் பேட் அக்லி' நெட்ஃபிளிக்ஸ்ல இருந்து இறங்குச்சு. அதுல பயன்படுத்தின தன்னோட பாட்டுகளுக்காக இளையராஜா சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார், இடைக்காலத் தடை வந்துச்சு, படம் போச்சு. வழக்குல யாரு பக்கம் நியாயம்ங்கிறது வேற பஞ்சாயத்து. (பாட்டு போட்டவருக்கு அதுல உரிமை உண்டுன்னுதான் நான் நினைக்கிறேன். கமெண்ட்ல சண்டைக்கு வராதீங்க.) நான் சொல்றது பாக்குறவனோட நிலைமை. முந்தாநாள் இருந்துச்சு, இன்னைக்கு இல்லை. நம்மகிட்ட யாரும் கேக்கல, கேக்க வேண்டிய அவசியமும் இல்லை, ஏன்னா அது நம்மளோடது இல்லை. நீங்க காசு கொடுத்து வாங்கி வெச்ச ஒரு டிவிடியை எடுத்துட்டுப் போக யாரும் வீட்டுக் கதவைத் தட்டப் போறதில்லை.

இளையராஜா பேரு சும்மா வரல. தேவாரத்துல இருந்து கோம்பை போற ரோட்டுலதான் பண்ணைப்புரம். எங்க ஏரியாவுல அவர் பாட்டு காத்து மாதிரி, யாரும் தனியா கவனிக்கிறதுகூட இல்லை. 1976ல 'அன்னக்கிளி' வந்ததுக்கு அப்புறம் இந்த ஊர்களோட டீக்கடை, ஜீப்பு, கல்யாண மைக்செட் எல்லாம் அவரை நம்பித்தான் ஓடுச்சு. அதை ஓட்டினது முக்கால்வாசி கேசட்தான்.

போடி, தேனி, கம்பம் பக்கம் எண்பது, தொண்ணூறுகள்ல ரெக்கார்டிங் சென்டர்னு கடைகள் இருந்துச்சு. சின்னப் பசங்களுக்காகச் சொல்றேன். ஒரு அரைத்தாள்ல பாட்டு லிஸ்ட் எழுதி, ஒரு காலி கேசட்டும் வாங்கிக் கொடுத்துட்டு வரணும். சி-60ன்னா பக்கத்துக்கு அரை மணி நேரம், சி-90ன்னா முக்கால் மணி. ரெண்டு நாள் கழிச்சுப் போனா நம்ம லிஸ்ட் வரிசையிலயே பாட்டு ஏறியிருக்கும். அட்டையில கலர் ஸ்கெட்ச்ல படம் பேரு, பாட்டு பேரு. சட்டப்படி பாத்தா அது திருட்டு, மறைக்கல. ஆனா ஒரு மனுஷன் எந்தப் பாட்டுக்கு அடுத்து எந்தப் பாட்டைக் கேட்டான்னு அவனே யோசிச்சு எழுதின லிஸ்ட் அது. ஆப் எனக்குப் போட்டுக் கொடுக்குற லிஸ்ட் என்னை மாதிரி ஒரு லட்சம் பேருக்குப் போட்டது.

எங்கப்பா போடியில ஒரு ஏலக்காய்க் கடையில கணக்கெழுதினவர். அடிக்கடி கடை ஜீப்ல மலைக்குப் போவார். அவரோட லிஸ்ட் கேசட் ஒண்ணு முழுக்க போடிமெட்டு ரோட்டுக்குன்னே செஞ்சது. முந்தல்ல பாட்டு ஆரம்பிச்சா, பதினேழு கொண்டை ஊசி வளைவும் முடிஞ்சு மேல குளிர் அடிக்கிறப்ப ஏ சைடு முடியும். டிரைவர் ஒரு கையில ஸ்டியரிங்கைப் புடிச்சுக்கிட்டு மறு கையால திருப்பிப் போடுவார். இப்பவும் அந்த ரோட்டுல பல இடத்துல ஃபோன்ல பாட்டு சுத்திக்கிட்டே நிக்கும். போன மாசம் நான் அந்தக் கேசட்டைப் போட்டுக்கிட்டே போனேன். கணக்கு இன்னும் சரியாத்தான் இருக்கு, ரோடு நல்லா ஆயிட்டதால ஒரு பாட்டு மிச்சம்.

இன்னொரு விஷயம், காது இருக்கிறவங்களுக்கு. ஆப்ல இருக்கிறது எப்பவும் அதே பாட்டுன்னு நினைக்காதீங்க. சிலதுல பேஸை ஏத்தி, எக்கோ சேத்து, "புதுப்பிச்சது"ன்னு போட்டிருக்காங்க. படத்துல வர்ற வடிவம் ஒண்ணு, தட்டுல வந்த வடிவம் இன்னொண்ணு. பழைய கேசட் வெச்சிருக்கிறவனுக்குத்தான் எது மாறிச்சுன்னு தெரியும், பழைய எக்ஸ்ரே வெச்சிருந்த அந்த அம்மா மாதிரி. ஒப்பிட ரெண்டு வேணும்.

"கம்பெனிக்காரங்க பாத்துக்க மாட்டாங்களா?"ன்னு கேப்பீங்க. பாத்துக்கிட்ட லட்சணத்தைப் பாருங்க. தென்னிந்தியாவுல எடுத்த முதல் மௌனப் படம் நடராஜ முதலியாரோட 'கீசக வதம்'. பிரதி இல்லை. முதல் தமிழ்ப் பேசும்படம் 1931ல வந்த 'காளிதாஸ்'. அதுக்கும் பிரதி இல்லை. 1933ல வந்த 'மார்த்தாண்ட வர்மா' மௌனப் படம் தப்பிச்சுது. எப்படி? நாவலோட உரிமை யாருக்குன்னு பதிப்பகத்தோட வழக்கு, படம் ஓட முடியாம அந்தப் பதிப்பகத்துக்கிட்ட முடங்கிக் கிடந்துச்சு. ரொம்ப வருஷம் கழிச்சு தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் அதை எடுத்துக் காப்பாத்துச்சு. ஓடின படமெல்லாம் போச்சு, ஓடாத படம் இருக்கு.

நமக்கு மிஞ்சினதுல நிறைய, தனி ஆளுங்க பைத்தியக்காரப் பேரு வாங்கிச் சேத்தது. செட்டிநாட்டுல கோட்டையூர்ல ரோஜா முத்தையான்னு ஒருத்தர். போர்டு எழுதுற ஓவியர். சொந்தக் காசுல புத்தகம், பத்திரிகை, நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகைன்னு கிடைச்சதையெல்லாம் சேத்தார். 1992ல அவர் இறந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தத் தொகுப்பை வாங்குச்சு, நாட்டைவிட்டு வெளியே கொண்டு போகாம சென்னையிலேயே 1994ல அவர் பேர்ல ஆராய்ச்சி நூலகம் வந்துச்சு. இன்னைக்கு தமிழ்ல ஆராய்ச்சி பண்றவங்க அந்தப் படியேறாம முடியாது. கல்யாணப் பத்திரிகையை எதுக்குய்யா சேக்குறன்னு அவரை எத்தனை பேர் கேட்டிருப்பாங்க!

அதுக்காக இப்ப ஃபேஷனா ஆயிருக்கிற சமாச்சாரத்தையும் நான் சேத்துச் சொல்லல. ஆயிரக்கணக்குல கொடுத்து புது வினைல் தட்டு வாங்கி, கவரைக்கூடப் பிரிக்காம சுவத்துல மாட்டி போட்டோ போடுறாங்க. உங்க காசு, உங்க சுவரு. ஆனா அந்தத் தட்டுல இருக்கிற பாட்டு இன்னும் பத்தாயிரம் வீட்ல இருக்கு. அது நாளைக்கு அழியாது. அழியப் போறது வேற, நம்ம வீட்டுப் பரண்ல இருக்கிறது.

இதை நான் எப்படிக் கத்துக்கிட்டேன்னு சொல்லணும். சொல்ல வேண்டாம்னுதான் நினைச்சேன்.

எங்க அப்பத்தா சின்ன வயசுல ஏலத்தோட்டத்துக்குப் போனவங்க. அப்ப ஜீப்பு கிடையாது, தலைச்சுமையோட மெட்டு ஏறி நடக்கணும். எங்கப்பா ஒரு நாள் டூ-இன்-ஒன்னைப் பக்கத்துல வெச்சு, அவங்களைப் பேசவிட்டுப் பதிவு பண்ணியிருக்கார். காய் எடுக்கிறப்ப பாடுற பாட்டு, மழையில தங்கின கதை, மலைக் காய்ச்சல்ல கூடப் பொறந்தவங்க ரெண்டு பேரு போனது, யாரு என்ன கஷாயம் கொடுத்தாங்கன்னு எல்லாம். அரை மணி நேரம், ஒரு பக்கம் முழுக்க. அழிஞ்சிடக் கூடாதுன்னு கேசட் முதுகுல இருக்கிற அந்த ரெண்டு சின்னப் பிளாஸ்டிக்கையும் உடைச்சு வெச்சார். உடைச்சா அதுமேல ரெக்கார்ட் ஆகாது.

நான் ஆறாங்கிளாஸ். கோடை எஃப்எம்ல ஒரு பாட்டு வரும்னு காத்திருந்தேன். காலி கேசட் இல்லை. உடைஞ்ச ஓட்டைமேல செல்லோ டேப் ஒட்டினா ரெக்கார்ட் ஆகும்னு பள்ளிக்கூடத்துல ஒருத்தன் சொல்லிக் கொடுத்திருந்தான். ஒட்டினேன். அன்னைக்கு ஆறு பாட்டு புடிச்சேன்.

அப்பா கண்டுபுடிச்சப்ப திட்டல. கேசட்டைக் கையில வெச்சுத் திருப்பித் திருப்பிப் பாத்தார், அவ்வளவுதான். திரும்பப் பேசவெச்சுக்கலாம்னு நினைச்சோம். அடுத்த மூணு வருஷத்துல அப்பத்தா போயிட்டாங்க. திரும்பப் பேசவெக்கவே இல்லை.

அந்த ஆறு பாட்டும் இன்னைக்கு எந்த ஆப்ல தட்டினாலும் வருது. விளம்பரம் இல்லாம, சுத்தமா. அதுக்கு அடியில இருந்தது எங்கயும் இல்லை. நான் டாக்டராகி, மலைக் காய்ச்சல் பத்திப் படிச்ச பிறகு எனக்கு அவங்ககிட்டக் கேக்க எத்தனை கேள்வி இருக்கு தெரியுமா? எந்த மாசத்துல வரும், யாருக்கு முதல்ல வரும், அந்தக் கஷாயத்துல என்ன போட்டாங்கன்னு. பதில் ஒரு வேளை அந்த அரை மணி நேரத்துக்குள்ளயே இருந்திருக்கும்.

ஆறாவது பாட்டு டேப் முடியறதுக்குக் கொஞ்சம் முன்னாடியே நின்னுடுச்சு. கடைசியில ஒரு நிமிஷத்துக்கும் குறைவா அவங்க குரல் மிச்சம். அப்பத்தா இருமுறாங்க, "இது இன்னும் ஓடுதாடா?"ங்கிறாங்க, அப்பா சிரிக்கிறார். அதை மூணு இடத்துல காப்பி எடுத்து வெச்சிருக்கேன்.

அதனால கேக்குறேன், உங்க வீட்டுப் பரண்ல, பழைய டிரங்குப் பெட்டியில, ஷோகேஸ் அடியில என்ன இருக்கு? கடையில வாங்கின சினிமாப் பாட்டு கேசட் அப்புறம். கையால எழுதின அட்டை இருக்கிறது முதல்ல. துபாயில இருந்து மாமா பேசி அனுப்பின கேசட், சடங்கு வீட்டு வீடியோ, தாத்தா பஞ்சாயத்துல பேசினது, கோயில் கொடையில யாரோ கதை சொன்னது. இதெல்லாம் உலகத்துல ஒரே ஒரு காப்பி. எந்த சர்வரும் இதைத் தேடி வராது.

எடுத்த உடனே பிளேயர்ல போடாதீங்க. எங்க மலையடிவார ஈரத்துக்குப் பூஞ்சை புடிச்சிருக்கும். கேசட்டோட கண்ணாடி வழியா டேப் சுருளைப் பாருங்க. ஓரத்துல வெள்ளையா பொடி மாதிரி தெரிஞ்சா அது பூஞ்சை. அதை ஓட்டினா ஹெட்டுல ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் பரவும், வார்டுல தொத்து பரவுற மாதிரியேதான். தனியாப் பிரிச்சு வைங்க, தொடுறப்ப மாஸ்க் போடுங்க. நல்லா இருக்கிற கேசட்டை ஓட்டுறதுக்கு முன்னாடி, பிளேயரோட ஹெட்டை ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால துடைங்க. கேசட்டை நிமித்தி வெக்கணும், ஸ்பீக்கர் பக்கத்துல வெக்கவே கூடாது, அதுல காந்தம் இருக்கு. பெட்டியில ரெண்டு சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்க.

கம்ப்யூட்டர்ல ஏத்தினதுக்கு அப்புறம் "வேலை முடிஞ்சுது"ன்னு கேசட்டைத் தூக்கிப் போட்டுடாதீங்க. வீட்ல எழுதின சிடி சில வருஷத்துலயே படிக்காமப் போகலாம். பென்டிரைவை வருஷக்கணக்கா மேஜை டிராயர்ல தூங்கவிட்டா அதுவும் மறந்துடும். ரெண்டு மூணு இடத்துல வைங்க, ஒண்ணு வேற ஊர்ல சொந்தக்காரங்க வீட்ல இருக்கட்டும். கூகுள்ல ஒரு காப்பி போடுறதும் தப்பில்லை, அதை மட்டும் நம்பாதீங்க.

கடைசியா எங்க ஏரியாக்காரங்ககிட்ட ஒரு கோரிக்கை.

1958ல தேவிகுளம் இடைத்தேர்தல். மேல, மலைத்தோட்டத் தமிழ்த் தொழிலாளிகள் நிறைஞ்ச தொகுதி. கம்யூனிஸ்ட் வேட்பாளர் ரோசம்மா புன்னூஸுக்காகப் பண்ணைப்புரம் பாவலர் வரதராஜன் மேடை மேடையாப் பாடினார், அவங்க ஜெயிச்சாங்க. அண்ணன்கூடப் பாடத்தான் பதின்ம வயசுப் பையனா இளையராஜா மேடையேறினார். பாவலர் 1973ல இறந்துட்டார். தம்பி பாட்டு எல்லா ஆப்லயும் கொட்டிக் கிடக்கு. அண்ணனோட குரலை நான் பல வருஷமாத் தேடுறேன், ஒரு கேசட், ஒரு ஸ்பூல்கூட என் கைக்கு வரல. அந்தக் காலத்துல எஸ்டேட்ல, கட்சி ஆபீஸ்ல, மைக்செட்காரங்க வீட்ல யாராவது ஒருத்தர் பதிவு பண்ணியிருக்க மாட்டாங்களான்னு ஒரு நப்பாசை.

போடி, தேவாரம், பண்ணைப்புரம், கோம்பை, மேல பூப்பாறை, தேவிகுளம், மூணாறு பக்கம் இருக்கிறவங்க வீட்டுப் பெரியவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்க. எதாவது இருந்தா இன்பாக்ஸ்ல சொல்லுங்க, நானே வண்டி எடுத்துட்டு வர்றேன். ஓட்டிப் பாத்துட்டுச் சொல்றேன்னு மட்டும் ஆரம்பிச்சிடாதீங்க. பூஞ்சை இருக்கான்னு முதல்ல நான் பாத்துக்கறேன்.